பெரியநீலாவணைக் களப்பும் செய்மதிக் கண்ணும்: கிழக்குக் கரையோர நீர்நிலைகளின் கண்காணிப்பு வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் பாண்டிருப்பையும் மருதமுனையையும் கடந்ததும் வருவது பெரியநீலாவணை. அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் வடக்கே இவ்வூருடன் முடிந்துவிடுகிறது. கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவியின் தென்கிளை. அந்நீருக்கு அப்பால் உள்ள துறைநீலாவணை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சார்ந்தது. பெயராலும் உறவாலும் இணைந்த ஈரூர்களுக்கும் இடையே ஒரே நீர் கிடக்கிறது. ஆயின் அந்நீரைப் பற்றிய கோப்புகள் இரண்டு கச்சேரிகளில் கிடக்கின்றன. 1961ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டமையின் விளைவு இது. எல்லையை வரைந்தோர் நிலத்தையும் வாக்காளரையும் கருத்திற் கொண்டனர். நீர் எங்கிருந்து வந்து எங்கே செல்கிறது என்பது அவர்தம் அக்கறைக்கு உட்பட்டதன்று.

கிழக்கிலங்கை வரலாற்றை எழுதியோர் குடிவழமை, கோயிலுரிமை, முக்குவர் சட்டம், காணியுடைமை, குடியேற்றம் ஆகியன பற்றி நிரம்ப எழுதியுள்ளனர். எழுவான்கரை, படுவான்கரை என மக்கள் தம் உலகையே வாவியை நடுவாக வைத்துப் பகுத்திருந்தும், அவ்வாவியின் நீர் தெளிந்திருந்ததா கலங்கியிருந்ததா, எந்த ஆண்டில் பச்சை பூத்தது, எப்போது மீன் செத்து மிதந்தது என்பன பற்றிய தொடர்ச்சியான பதிவு நம்மிடம் இல்லை. நீரின் அளவுக்கு ஆவணங்கள் உண்டு. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் (1855–1860) இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டபோது எத்தனை ஏக்கருக்குப் பாயும், எவ்வளவு வரி வரும் என்று கணக்கிடப்பட்டது. நீரின் தரத்துக்கு அத்தகைய கணக்கு எழவில்லை. வரி தராத ஒன்றை எந்த நிர்வாகமும் அளப்பதில்லை. 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் ரெனன்ற், நிலவெழுந்த இரவில் தோணியேறிச் சென்று வாவியினடியிலிருந்து எழும் ஓசையைக் கேட்டு, பின்னர் தம் நூலில் விரிவாக எழுதினார். பாடும் மீனின் புகழ் உலகறிந்தது அவ்வாறே. பாட்டைக் கேட்டவர் அது வாழ்ந்த நீரைப் பற்றிச் சொல்லியது சொற்பமே.

நீரைப் பற்றிய அரசின் முதல் அச்சம் ஒரு செடியால் வந்தது எனலாம். அழகுக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்ட ஆற்றுவாழை சில ஆண்டுகளிலேயே நீர்வழிகளை அடைத்துக் கொள்ளவே, 1909ஆம் ஆண்டில் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. 1939இல் கொழும்பில் தாவரவியற் கல்விக்கென வந்த சல்வீனியாவும் அதே வழியைப் பின்பற்றியது. இவ்விரண்டும் இன்று கிட்டங்கித் தாம்போதியருகே ஆண்டுதோறும் மிதந்து வந்து அடைவதைக் கல்முனை, நாவிதன்வெளி மக்கள் நன்கறிவர். இச்செடிகளை மட்டும் பகையாகக் கருதுவோர், அவற்றுக்கு உணவிட்டது யார் என்னும் வினாவைத் தவிர்த்து விடுகின்றனர்.

அவ்வினாவுக்கு விடை தேடுவோர் கல்லோயாவுக்கே செல்ல வேண்டும். 1949இல் சட்டமூலம் நிறுவப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபை, ஐக்கிய அமெரிக்காவில் 1933இல் தோன்றிய தெனசிப் பள்ளத்தாக்கு அதிகார சபையை முன்மாதிரியாகக் கொண்டது. இங்கினியாகலையில் மொறிசன்–நட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் அணையைக் கட்டியது. 770,000 ஏக்கர் அடி கொள்ளளவுடைய சேனநாயக்க சமுத்திரம் உருவாகியது. பட்டிப்பளை ஆறு என்று தமிழில் வழங்கிய ஆற்றின் பெயர் அரச ஏடுகளில் கல்லோயா என நிலைபெற்றதும் இக்காலத்திலேயே. இத்திட்டத்தின் குடியேற்ற அரசியல் பற்றியும் 1956இன் வன்செயல்கள் பற்றியும் பலர் எழுதிவிட்டமையால் அதனை இங்கு விரித்தல் வேண்டா. நமது பொருளுக்கு வேண்டியது வேறொன்று. இடதுகரை வாய்க்கால் வழியாக வடக்கே பாயும் நீர், வயல்களைக் கடந்தபின் வடிநீராக மட்டக்களப்பு வாவியின் தென்பகுதியை வந்தடைகிறது. அதாவது, இத்திட்டம் வாவிக்கு வந்த ஆற்றுநீரின் காலத்தையும் இயல்பையும் ஒருசேர மாற்றியது. மாரியில் மட்டும் வெள்ளமாக வந்து கோடையில் ஓய்ந்த நீருக்குப் பதிலாக, சிறுபோகக் காலத்திலும் வயலைத் தொட்ட நீர் வந்துசேரும் நிலை உண்டாயிற்று.

வயலைத் தொட்ட நீர் என்பது பசளையைத் தொட்ட நீர். 1950களின் பிற்பகுதியில் எச்-4 போன்ற புதிய நெல்லினங்கள் பரவின. 1962 முதல் இரசாயனப் பசளைக்கு அரச மானியம் வழங்கப்பட்டது. 2005இன் பின்னர் நெற்செய்கையாளருக்கு 50 கிலோ மூடை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. மலிவாகக் கிடைப்பதைத் தாராளமாக இடுதல் மனித இயல்பு. விவசாயியைக் குறை கூறி ஆவதொன்றில்லை. பயிர் எடுத்தது போக எஞ்சிய நைதரசனும் பொசுபரசும் வடிநீரோடு களப்புக்கு வருகின்றன. ஆழங்குறைந்து, கடலோடு தடைப்பட்ட தொடர்புடைய நீர்நிலையில் அவை அல்காக்களுக்கு உணவாகின்றன. அல்கா பெருகி, இறந்து, அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறைகிறது. மீன் மூச்சின்றி மேலெழுந்து மிதக்கிறது. இதனை நற்போசணையாக்கம் என்பர். தீமைக்கு இட்ட பெயரில் ‘நல்’ என்ற அடை வந்தமைந்த விந்தையைச் சொல்லாக்கக் குழுவினரிடமே கேட்க வேண்டும்.

இதனோடு பட்டின வளர்ச்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றிட்டில், தமிழரும் முஸ்லிம்களும் நெருக்கமாக வாழும் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் குடித்தொகைச் செறிவு நாட்டிலேயே மிகுந்தவற்றுள் ஒன்று. கழிவைக் கொட்டுவதற்கு இடமில்லாதபோது தாழ்ந்த இடம் தேடப்படுகிறது. தாழ்ந்த இடம் என்பது பெரும்பாலும் களப்பின் ஓரம். நெல் விளைவிப்போரும் நகரத்தாரும் விட்ட எச்சத்தின் விலையைச் செலுத்துவோர் யாரெனில், நிலமின்றித் தோணியும் வலையுமே உடைமையாகக் கொண்ட களப்பு மீனவர். நீரின் தரம் பற்றிய பிரச்சினை அடிப்படையில் ஒரு வர்க்கப் பிரச்சினையாகவும் இருப்பதை இவ்விடத்து மனங்கொள்ளல் வேண்டும்.

கல்லோயா இடதுகரை பின்னர் உலகின் கவனத்தைப் பெற்றது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க உதவியுடன் வாய்க்கால்கள் புனரமைக்கப்பட்டபோது, கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து விவசாயிகளை ஒழுங்கமைத்தன. நீர்த்தேக்கம் கால்வாசியே நிரம்பியிருந்த 1981ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில் மேல்மடை விவசாயிகள் தாமாகவே நீரை மிச்சப்படுத்திக் கீழ்மடையாருக்கு விட்டனர் என்றும், அதில் சிங்கள விவசாயிகள் தமிழ் விவசாயிகளுக்கு விட்ட நீரும் அடங்கும் என்றும் நோர்மன் அப்ஹோவ் பதிவு செய்துள்ளார். இன்றும் படிப்போர் நெஞ்சை நெகிழ்விக்கும் செய்தி இது. எனினும் அம்முயற்சியும் நீரின் அளவையே பங்கிட்டது. வடிந்து சென்ற நீர் எவ்வாறு சென்றது, யாரிடம் சென்றது என்னும் வினா அத்திட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றது. களப்பு மீனவர் எவ்வாய்க்காலுக்கும் உறுப்பினர் அல்லர்.

மேலிருந்து பார்க்கும் கண் இந்நாட்டுக்கு வந்த வரலாறு தனியானது. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவைச் சேர்ந்த ஹன்டிங் அளவை நிறுவனம் 1956இல் இலங்கையை வானிலிருந்து படம் பிடித்தது. 1:40,000 என்ற அளவுத் திட்டத்திலமைந்த அப்படங்களில் ஒரு சதம மீற்றர் நிலத்தில் 400 மீற்றருக்குச் சமம். காட்டுக் கணக்கெடுப்புக்கும் ஆற்றுவடிநில ஆய்வுக்கும் அவை பயன்பட்டன. கறுப்பு வெள்ளைப் படங்களாதலின் கண்டற்காடு எங்கே நின்றது, முகத்துவாரம் எங்கே திறந்திருந்தது என்பவற்றை அவை காட்டும். நீரின் நிறத்தைக் காட்டா. அணை கட்டி முடிந்து சில ஆண்டுகளே சென்ற நிலையில் எடுக்கப்பட்டவை என்பதால், மாற்றத்தின் தொடக்கப் புள்ளியைக் குறிக்கும் சான்றாக அவற்றின் பெறுமதி பெரிது.

1972 யூலை 23ஆம் நாள் ஐக்கிய அமெரிக்கா ஏவிய புவிவளச் செய்மதி, பின்னர் லான்ட்சற்-1 எனப் பெயர் பெற்றது. அது 18 நாளுக்கொருமுறை அதே இடத்தின்மேல் வந்தது. அதன் படத்தின் ஒரு புள்ளி நிலத்தில் ஏறத்தாழ 79 மீற்றர். கட்புல ஒளியில் இரண்டு பட்டைகளும் செந்நிறக்கீழ் ஒளியில் இரண்டு பட்டைகளும் அதற்கு இருந்தன. நீர் செந்நிறக்கீழ் ஒளியை விழுங்கிவிடும். செடி அதனை வாரித் திருப்பியெறியும். ஆகவே நீரையும் நிலத்தையும் பிரிப்பதும், நீர்மேல் மிதக்கும் ஆற்றுவாழையைக் காண்பதும் அப்போதே கைகூடின. 1982இலும் 1984இலும் வந்த லான்ட்சற்-4, லான்ட்சற்-5 ஆகியன நீலப் பட்டையையும் 30 மீற்றர் நுண்மையையும் 16 நாள் சுற்றையும் தந்தன. இவற்றுள் ஐந்தாவது 2013 வரை, ஏறத்தாழ 29 ஆண்டுகள், உழைத்தது. இலங்கையிலும் 1980களில் நில அளவைத் திணைக்களம் சுவிற்சர்லாந்தின் உதவியோடு தொலையுணர்வுப் பணியைத் தொடங்கி, மாவட்ட நிலப்பயன்பாட்டுப் படங்களை வெளியிட்டது. அவற்றில் களப்பு ஒரே நீல நிறமாகத் தீட்டப்பட்டிருந்தது. படம் வரைந்தோரின் குற்றமன்று அது, நிலப்பயன்பாடே கேட்கப்பட்டது.

அக்கண் யாருடையது என்ற வினா ஐக்கிய நாடுகள் சபையில் பல ஆண்டுகள் வாதிக்கப்பட்டது. தம் நாட்டை வானிலிருந்து உணர்வதற்குத் தம் முன்னனுமதி வேண்டும் என்று மூன்றாம் உலக நாடுகள் பல கோரின. செய்மதி உடையோர் மறுத்தனர். 1986 டிசெம்பர் 3ஆம் நாள் பொதுச்சபை ஏற்ற கோட்பாடுகளில் முன்னனுமதி இடம்பெறவில்லை. உணரப்பட்ட நாடு பாரபட்சமின்றி, நியாயமான விலையில் தரவைப் பெறலாம் என்பதே எஞ்சியது. நியாயமான விலை எதுவென்பதை விற்போரே தீர்மானித்தனர். 1984இன் அமெரிக்கச் சட்டம் லான்ட்சற்றைத் தனியார் வணிகத்திடம் கையளித்தது. ஒரு படத்தின் விலை ஆயிரக்கணக்கான டொலர்களாக ஏறியது. நமது களப்பின் படத்தை நாமே வாங்க இயலாத காலம் அது. 1992இல் அச்சட்டம் மாற்றப்பட்டது. 2008இல்தான் முழுச் சேமிப்பகமும் விலையின்றித் திறக்கப்பட்டது. ஐரோப்பியரின் சென்டினல்-2 வரிசை (2015, 2017) தொடக்கத்திலிருந்தே இலவசம்: 10 மீற்றர் நுண்மை, இரு செய்மதிகளும் சேர்ந்து ஐந்து நாளுக்கொரு பார்வை. இந்தத் திறப்பு வள்ளன்மையால் மட்டும் நிகழ்ந்ததன்று. விலை வைத்தபோது வாங்குவோர் அருகினர். பொதுப்பணத்தில் சேர்ந்த சேமிப்பகம் பயனின்றிக் கிடந்தது. எவ்வாறாயினும், 1986இல் மறுக்கப்பட்டதன் ஒரு பகுதி 2008இல் கிடைத்தது என்பதை மறுத்தற்கில்லை.

நீரின் தரத்தை நிறத்தால் அறிவது எவ்வாறு? 1865இல் இத்தாலியப் பாதிரியார் அஞ்செலோ செக்கி, பாப்பரசரின் கப்பலிலிருந்து வெண்தட்டொன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தார். இன்றும் உலகெங்கும் நீரின் தெளிவை அளக்கும் எளிய கருவி அதுவே. செய்மதி செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான். சூரிய ஒளி நீருட் புகுந்து, அங்குள்ளவற்றால் சிதறியும் விழுங்கப்பட்டும் எஞ்சி மேலெழுகிறது. வண்டல் மிகுந்தால் சிவப்பொளி மிகுந்து திரும்பும். இலைதழை அழுகிய கரைசல் நீலத்தை விழுங்கி நீரைத் தேயிலைச் சாயம் போலாக்கும். அல்காவின் பச்சையம் 665 நனோமீற்றர் அளவில் ஒளியை விழுங்க, 700 நனோமீற்றரை ஒட்டி ஒளி சற்றே உயர்ந்து திரும்பும். சென்டினல்-2இல் 705 நனோமீற்றரில் ஒரு பட்டை அமைந்திருப்பது, கலங்கிய களப்புகளை ஆய்வோருக்கு வாய்த்த நற்பேறு. அவ்விரு பட்டைகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறும் சுட்டெண் 2012 முதல் பரவலாக வழங்குகிறது.

கணக்கு எளிதாகத் தோன்றினும் வழியில் இடர் பல. செய்மதியை எட்டும் ஒளியில் பெரும்பங்கு வளிமண்டலம் தந்தது. நீர் தந்தது சிறு பங்கே. வளியின் பங்கைக் கழிப்பதில் வரும் சிறு பிழை நீரின் கணக்கைப் புரட்டிவிடும். கரையின் மரங்கள் எறியும் ஒளி பக்கத்து நீர்ப்புள்ளிகளிற் கலக்கும். ஆழங்குறைந்த இடத்தில் அடியில் வளரும் கடற்புல்லின் பச்சை மேலேயுள்ள அல்காவின் பச்சையாகத் தோன்றும். பெரியநீலாவணை மேற்கே நோக்கும் தென்கிளையில் இவையனைத்தும் ஒருங்கே நேர்கின்றன. 300 மீற்றர் அகலமான நீர்க்கிளையொன்றை எண்ணிக் கொள்வோம். லான்ட்சற்-1இன் கண்ணுக்கு அது நான்கு புள்ளிக்கும் குறைவு; கரையோரப் புள்ளிகளை நீக்கினால் எஞ்சுவது இரண்டு. அல்காவைப் பிரித்தறிய ஏற்ற 620 நனோமீற்றர்ப் பட்டையைக் கொண்ட சென்டினல்-3க்கோ அது ஒரே புள்ளி. நீரும் நிலமும் கலந்த புள்ளி. சென்டினல்-2இன் 20 மீற்றர்ப் பட்டையில்தான் பதினைந்து புள்ளிகள் கிடைக்கின்றன. ஆகவே இவ்வூர்க் களப்பின் வரலாற்றைச் செய்மதி மூலம் எழுதுவோர், முகத்துவாரத்தையும் மிதக்கும் செடிகளையும் 1970களிலிருந்து எழுதலாம். கலங்கலையும் தெளிவையும் 1980களிலிருந்து எழுதலாம். பச்சையத்தை ஓரளவு நம்பிக்கையோடு 2015இலிருந்தே எழுதலாம்.

முகில் இன்னோர் இடர். கிழக்கின் மழை கார்த்திகை முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. வெள்ளம் வயலைக் கழுவிக் களப்பில் சேர்ப்பதும், கல்லாற்று முகத்துவாரத்தின் மணற்றிடல் உடைவதும் அல்லது வெட்டப்படுவதும் அக்காலத்திலேயே. அப்போது வானம் மூடிக் கிடக்கும். வைகாசி முதல் ஆவணி வரை வானம் தெளிந்து படங்கள் குவிகின்றன. ஆனால் முக்கிய நிகழ்ச்சி முடிந்து நாளாகிவிட்டிருக்கும். கோடைப் படங்களை மட்டும் கூட்டிச் சராசரி எடுத்து, இதுவே களப்பின் நிலை என்று கூறும் ஆய்வுகளை ஐயத்துடன் நோக்க வேண்டும்.

பிற நாட்டு அனுபவங்கள் சில இங்கு நோக்கற்பாலன. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் லான்ட்சற் படங்களைக் கொண்டு 10,000க்கும் மேற்பட்ட ஏரிகளின் தெளிவை 1985 முதல் கணக்கிட்டனர். அப்பெரும் பணிக்கு அடித்தளமாக அமைந்தது எது? ஏரிக்கரைக் குடிமக்கள் தத்தம் தோணிகளிலிருந்து செக்கித் தட்டை இறக்கி எழுதிவைத்த குறிப்புகள். கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலிலும் மாணவரும் மீனவரும் சிறு தட்டுகளால் தெளிவையும் நிறத்தையும் அளந்து ஆய்வாளருக்குத் தந்துள்ளனர். ஒடிசாவின் சில்கா நமக்கு இன்னும் நெருங்கிய ஒப்புமையுடையது. மண் மூடி, உப்புக் குறைந்து, களை மண்டிக் கிடந்த அக்களப்பு 1993இல் ராம்சர் உடன்படிக்கையின் ஆபத்துப் பட்டியலிற் சேர்ந்தது. 2000 செப்டெம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டபின் மீன்வளம் மீண்டு, 2002இல் பட்டியலிலிருந்து நீங்கியது. அங்கு முகத்துவாரத்தின் நகர்வையும் களையின் பரப்பையும் செய்மதிப் படங்கள் தொடர்ந்து காட்டின. சீனத்தின் தாய்ஹூ ஏரியில் 2007இல் பெருகிய அல்காவால் வூசி நகரத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் மக்களின் குடிநீர் கெட்டது. நமது கண்டி வாவியிலும் 1999இல் நச்சு அல்கா பூத்தது. நகர நடுவில் நிகழ்ந்தமையால் அது செய்தியாயிற்று.

நமது களப்பு அத்தகைய பட்டியல் எதிலும் இல்லை. இலங்கை 1990இல் ராம்சர் உடன்படிக்கையிற் சேர்ந்தபின் பூந்தலை முதலாக அறிவித்த ஈரநிலங்களில் குமனை உண்டு. மட்டக்களப்பு வாவி இல்லை. பறவை காண வருவோர் உள்ள இடம் காக்கப்படுகிறது. மீன்பிடித்து உண்போர் உள்ள இடம் காத்திருக்கிறது.

செய்மதியைப் போற்றுவோர் பலர் அது காணாதவற்றைக் கூற மறந்துவிடுகின்றனர். நைதரேற்றுக்கு நிறமில்லை. பொசுபேற்றுக்கு நிறமில்லை. வயலில் தெளித்த நாசினிக்கும், மலக்கழிவின் பற்றீரியாவுக்கும் நிறமில்லை. நிறமில்லாதவற்றைச் செய்மதி நேரே காணாது. அவற்றின் விளைவு நிறமாக வெளிப்பட்டால்தான் உண்டு. நாசினி கலந்து மீன் செத்த நீர் படத்தில் மிகத் தெளிந்த நீராகத் தோன்றவும் கூடும். எனவே ‘செய்மதி மாசு காட்டவில்லை’ என்ற வாசகம் ஒரு தொழிற்சாலையின் அல்லது திணைக்களத்தின் வாயிலிருந்து வரும் நாள் தொலைவிலில்லை. அன்று அதற்கு மறுமொழி சொல்லத் தெரிந்தவர் ஊரில் இருத்தல் வேண்டும். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோரத்தை அழித்தபோது, எத்தனை வீடுகள் இல்லாமற் போயின என்பதைச் செய்மதிப் படங்கள் சில நாட்களுக்குள் உலகுக்குக் காட்டின. மணற்றிட்டின் கிணறுகளிற் புகுந்த உப்பை அவை காட்டவில்லை. அதனை மக்கள் நாவால் அறிந்தனர்.

ஒன்றில் மட்டும் இக்கண்ணுக்கு ஈடில்லை: ஆளில்லாக் காலத்துக்கும் அது சாட்சி. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் படுவான்கரைக்குச் செல்வதே உயிருக்கு உலை வைப்பதாக இருந்தது. நீர் மாதிரி எடுக்கத் தோணியேறும் ஆய்வாளரை அக்காலத்தில் எதிர்பார்த்தல் இயலாது. சோதனைச் சாவடியைக் கடந்து ஒரு போத்தல் களப்புநீரைக் கொண்டுவருபவன் எத்தனை கேள்விகளுக்கு விடையிறுக்க நேர்ந்திருக்கும் என்பதை அக்காலத்தில் வாழ்ந்தோர் அறிவர். அவ்வாண்டுகளிலும் லான்ட்சற்-5 மேலே சென்றுகொண்டிருந்தது. 1988 முதல் இந்தியாவின் ஐ.ஆர்.எஸ். செய்மதிகளும் சென்றன. இடையிடையே விடுபட்டும் முகில் மூடியும் இருப்பினும், கிடைக்கும் படங்களில் முகத்துவாரங்களின் திறப்பும் அடைப்பும், வெட்டப்பட்ட கண்டலும், கைவிடப்பட்ட வயல்களும் பதிவாகியுள்ளன. ஏடு எழுதப்படாத கால் நூற்றாண்டுக்கு இதுவே ஏடு. இதனை வாசிக்கும் பயிற்சி வரலாற்று மாணவருக்கும் வேண்டும் என்பது எமது கருத்து. கல்வெட்டு வாசிப்பதற்கு எழுத்துப் பயிற்சி கொடுக்கும் துறைகள் படம் வாசிப்பதற்குப் பயிற்சி கொடுக்கத் தயங்குவதேன்?

அண்மைய ஆண்டொன்று இவ்வாசிப்புக்கு அரியதொரு வாய்ப்பைத் தந்துள்ளது. 2021 மே மாதம் அரசு இரசாயனப் பசளை, நாசினி இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. அவ்வாண்டு நவெம்பரில் தடை நீக்கப்பட்டது. விளைச்சல் வீழ்ந்தது, விவசாயி கடனாளியானான். அக்கொள்கை முன்னாயத்தமின்றிக் கொணரப்பட்ட அவலம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் களப்பை ஆய்வோனுக்கு அது யாரும் திட்டமிட்டு நடத்த முடியாத ஒரு பரிசோதனை. மூடை கிடைக்காத 2021–22 பெரும்போகத்தின் பின் வந்த கோடையிலும், பசளை வழமையாக இடப்பட்ட 2018, 2019, 2020ஆம் ஆண்டுகளின் கோடைகளிலும் தென்கிளையின் பச்சையச் சுட்டெண்ணை ஒப்பிட்டால் வேறுபாடு தெரிகிறதா? தெரிந்தால் வயலின் பங்கு எவ்வளவு, தெரியாவிட்டால் நகரக் கழிவின் பங்கும் அடிச்சேற்றில் ஏற்கெனவே படிந்த பொசுபரசின் பங்கும் எவ்வளவு என்னும் விசாரணை எழும். பல்லாண்டு சேற்றிற் படிந்த பொசுபரசு ஓராண்டுத் தடையால் அகலாது. ஆகவே மாற்றமின்மையையே ‘பசளை குற்றமற்றது’ என்பதற்குச் சான்றாகக் கொள்ளல் தவறு. ஒவ்வோராண்டிலும் பெய்த மழையையும் முகத்துவாரம் திறந்திருந்த நாட்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். படங்கள் அனைத்தும் சேமிப்பகத்தில் உள்ளன, விலை ஏதுமில்லை. இடையில் நிற்பது கீழிருந்து எடுத்த அளவீடுகளின் குறையே.

அக்குறையை நீக்கப் பெருநிதி வேண்டுவதில்லை. 20 சதம மீற்றர் தட்டொன்று, அளவு குறித்த கயிறு, நிறம் ஒப்பிடும் அட்டை, நாள் குறிக்க ஒரு கொப்பி. ஒரு கரையில் பெரியநீலாவணைப் பாடசாலை, மறுகரையில் துறைநீலாவணைப் பாடசாலை, தெற்கே கிட்டங்கி, வடக்கே கல்லாற்று முகத்துவாரம் என நான்கு இடங்களில் தொடங்கலாம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இவற்றுக்கு இருபுறமும் உள்ளன. ஆழங்குறைந்த இடங்களில் தட்டு மறைவதற்கு முன்பே அடியைத் தொட்டுவிடும். அங்கு தெளிவுக்குப் பதிலாக நிறத்தையும் கலங்கலையுமே பதிய வேண்டும். கச்சேரிகள் இரண்டாக இருப்பது இங்கு தடையாகாது. மாணவருக்கு மாவட்ட எல்லை குறுக்கே வராது. பெரியநீலாவணை தந்த கவிஞர் நீலாவணன் (1931–1975) ‘வேளாண்மை’ என்னும் காவியத்தில் வயலின் வாழ்வைப் பதிவு செய்து சென்றார். வயலிலிருந்து வடிந்த நீரின் கதையை அவ்வூர்ப் பிள்ளைகள் வேறொரு வகையான ஏட்டில் எழுதுவது பொருத்தமே.

நடைமுறையில் ஓர் இடர்ப்பாடு மட்டும் உண்டு. சென்டினல்-2 இக்கரையோரத்தின்மேல் முற்பகல் 10.30 மணியளவில் செல்கிறது. அளவீடும் அதனையொட்டிய ஓரிரு மணி நேரத்துள் எடுக்கப்பட வேண்டும். இரவு வலைவிட்ட மீனவர் அந்நேரம் மீனைக் கொடுத்துவிட்டு உறங்கப் போய்விடுவர். மாணவர் வகுப்பில் இருப்பர். செய்மதி வரும் நாள்கள் முன்கூட்டியே தெரியுமாதலால், ஐந்து நாளுக்கொருமுறை அந்த ஒரு மணி நேரத்துக்கு இரு கரையிலும் ஒவ்வொரு தோணியையும் அதிபரின் அனுமதியையும் பெறுவதே முதல் வேலை.